கோட்டில் ஒரு பெருவிரல்

கூடைப்பந்தாட்ட நடுவரின் தொழிலில் நிம்மதி என்பது ஐந்தே விநாடிதான். எதிரணி தவறு செய்தால் பிறீ துறோ கிடைக்கும். கோட்டுக்குப் பின்னால் நின்று, யாரும் தடுக்காமல் எறிய வீரருக்கு அவ்வளவு நேரம். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். யாரும் நம்மைத் திட்டமாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

அந்த வருடம் செட்டிபாளையத்து வதனியை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் சம்மதம். அவளுடைய அண்ணன் மட்டும் இன்னும் ஓம் சொல்லவில்லை. அதனால் அந்த ஐந்து விநாடியும் நான் கனவில்தான் நின்றேன்.

இரண்டு விரல்

பழுகாமத்தில் ஒரு பின்னேரம். கூடைக்குக் கீழே நின்று, எத்தனை எறிதல் என்று விரலால் காட்டுவது என் வேலை. கிடைத்தது ஒன்றுதான். ஆனால் வாவியில் இரண்டு தோணிகள் அருகருகே, தண்ணீரைக் கலைக்காமல் போய்க்கொண்டிருந்தன. என் கையில் இரண்டு விரல் எழுந்துவிட்டது.

எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொரு எறிதல் இருக்கிறதென்று நம்பி ஒருவரும் அதைப் பிடிக்கப் பாயவில்லை. பந்து தன்பாட்டில் உருண்டு வேலிக்குப் போனது. கூட நடுவராக நின்ற ஆசிரியர் என் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஒரு தோணி போயிருந்தா எல்லாம் சரியா நடந்திரிக்கும்.”

நிற்கும் இடம்

கரடியனாற்றில் சுட்டெரிக்கும் வெயில். எறிபவருக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டிய நான், வேப்பமர நிழலில் ஓரடி ஒதுங்கினேன். நிழல் நகர நகர நானும் நகர்ந்தேன். அங்கே வயல்காற்று வேறு. அண்ணன் ஓம் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். வேலியோரம் நின்ற விவசாயி ஒருவர் கூப்பிட்டார்: “மனே, இன்னும் ரெண்டடி வந்தியெண்டா எங்கட வயல் வட்டைக்குள்ள நிண்டே ஊதலாம்.”

அண்ணனின் கால்

செட்டிபாளையத்தில் இறுதி ஆட்டம். புள்ளிகள் சமன், நேரமும் முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு பிறீ துறோ. எறிய வந்தவர் வதனியின் அண்ணன். நான் பக்கவாட்டில் நின்று கையை வீசி விநாடிகளை எண்ணினேன். பந்து மெதுவாக, மிக மெதுவாக எழுந்தது. அது கூடையைத் தொடுமுன் அவருடைய கால் பெருவிரல் கோட்டை மிதித்துவிட்டது.

பந்து உள்ளே விழுந்தது. ஊரே களத்துக்குள் பாய்ந்தது. நான் ஊதாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஊதினேன், இரு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வீசி, புள்ளி இல்லை என்று காட்டினேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணமும் இல்லை என்றே எனக்குப் பட்டது. மேலதிக நேரத்தில் அவருடைய அணி தோற்றது.

பொழுதுபடும் நேரத்தில் வதனி தொலைபேசியில் வந்தாள். சொன்னாள்: “அண்ணன் இன்னும் சாப்பிடல்ல. ஆனா அவர்ட கால் கோட்டிலதான். நானும் கண்டன்.”

ஆக, நடுவர் வேலை எனக்கு ஒரு நல்ல மனைவியையும், எங்கள் வீட்டுப் படியில் கால் வைக்குமுன் ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டே உள்ளே வரும் ஒரு மச்சானையும் தந்திருக்கிறது.