நாலில் மட்டும் சுற்றிய விசிறி

எங்கள் அத்தானுக்கு வாய் கிடையாது, கைதான். வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் எதையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மகள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன அன்றைக்குக் குளியலறைக் குழாயைப் பிரித்து மாட்டினார். அவருடைய அம்மா இறந்துபோன செய்தி வந்த அன்றைக்கு எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவிடம் முறையிட்டால், "விடுடி, அவர் அழறதே அப்படித்தான்" என்பாள். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் பராமரிப்பு வேலை அவருக்கு. அங்கே லிஃப்ட் நின்றாலும் விளக்கு அணைந்தாலும் அவர் பெயரைத்தான் ஏலம் போடுவார்கள்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரவேண்டும். நிறுத்தினால் உயிர் தங்காது என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். போக வர அத்தானுடைய பழைய வேன்தான். முன்னால் மூன்று பேர் உட்காரும் நீள சீட்டில் அக்காவை நடுவில் வைத்துக்கொண்டு போவோம்.

அந்தக் குளிர்காலத்தில் வேனின் ஹீட்டர் விசிறி மக்கர் பண்ணியது. திருகுகிற குமிழில் நாலு வேகம் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்றில் வைத்தால் மூச்சே இல்லை. நாலில் வைத்தால் சூடான காற்று முகத்தில் அறைகிற மாதிரி அடிக்கும், அக்காவுக்கு இருமல் நிற்காது. அணைத்துவிட்டாலோ, மெஷினிலிருந்து இறங்கி வந்த உடம்பு வெடவெடவென்று நடுங்கும். ஒரு செவ்வாய்க்கிழமை வீடு வந்து சேர்ந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா சொன்னாள்.

"இனிமே நான் வரலைங்க. அந்த வண்டியில குளிருது."

நான் தாம்தூம் என்று குதித்தேன். "குளிருதுன்னு யாராவது உயிரை விடுவாங்களா? டாக்ஸி பிடிச்சுப் போலாம்."

"டாக்ஸியும் குளிரும்" என்றாள்.

அத்தான் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். அடுத்த முறை போகவேண்டியது வியாழக்கிழமை. நடுவில் இருந்த ஒரு நாளைக்கு லீவு சொன்னார்.

பழைய வண்டிகளை உடைத்து விற்கிற கடைக்குப் போய் ஒரு விசிறி மோட்டாரைக் கொண்டுவந்தார். பாதி நாள் அதிலேயே போயிற்று. மாட்டிவிட்டுத் திருகினால், பழையபடி நாலில் மட்டும் புயல்.

"நாலுல நல்லாத்தானே சுத்துது? அப்புறம் எதுக்கு மோட்டாரை மாத்துனீங்க?" என்று கேட்டேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஆனாலும் கேட்டேன்.

அவர் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டடத்துல விசிறி மக்கர் பண்ணா மோட்டாரைத்தான் மாத்துவோம். கை பழகிப்போச்சு." கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்த மனுஷன் ஒழுங்காகத் தூங்கி எத்தனை நாளோ.

வேகத்தைக் குறைத்துக் கொடுக்க ரெசிஸ்டர் என்று தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் உண்டாம். நாலாம் வேகத்துக்கு அது வேண்டாம், மின்சாரம் நேராகப் போய்விடும். கெட்டது அதுதான். மறுபடியும் கடைக்கு ஓடினார். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு படுத்தார். டார்ச் என் கையில்.

"என் கைக்கு வெளிச்சம் காட்டு, மூக்குக்கு வேண்டாம்" என்றார். இரண்டே திருகாணிகள். அதில் ஒன்று கண்ணுக்கும் எட்டாது, கைக்கும் எட்டாது. ஒயர் வந்து சொருகுகிற பிளக் வெந்து உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு வேறு பிளக் வைத்து ஒவ்வொரு ஒயராக முறுக்கினார். விரல் முட்டியில் தோல் உரிந்து இரத்தம் வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் வரமாட்டேங்குறேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா அத்தான்?"

"குளிருதுன்னு சொன்னாளே."

"அதை நீங்க நம்பிட்டீங்களாக்கும்."

"டார்ச்சை ஆட்டாம புடி." அடுத்த ஒயரை முறுக்கிக்கொண்டே உள்ளேயிருந்து சொன்னார், "குளிர்னா என்னால சரி பண்ண முடியும்மா."

டார்ச்சை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் அக்காவிடம், "ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம், சும்மா வந்து உக்காந்து மட்டும் பாரு" என்று கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் சால்வையோடு நடு சீட்டில் உட்கார்ந்தாள். அவர் கதவருகே நின்றபடி உள்ளே கையை நீட்டித் திருகினார். ஒன்றில் வைத்தார், காலடியில் இளஞ்சூடாக வந்தது. இரண்டு. மூன்று. சத்தமே இல்லை. அக்கா இரண்டு கையையும் அந்தச் சூட்டுக்கு நீட்டிக் காட்டினாள். அத்தான் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

"எப்படி இருக்கு?"

"கதகதன்னு இருக்குங்க."

"அப்ப கிளம்பலாமா?"

அக்கா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். "இனிமே குளிருதுன்னு சொல்ல முடியாது, இல்ல?" என்றாள். பிறகு அவரைப் பார்க்காமலே சொன்னாள், "எனக்கு முடியலைங்க. கையில ஊசி குத்த இடமில்ல. போனா ஒரு நாள் போகுது, எந்திரிக்க இன்னொரு நாள் போகுது. அலுத்துப்போச்சு. இதை எப்படி உங்ககிட்ட சொல்றதுன்னு தெரியல. அதான் குளிருதுன்னேன்."

அவர் கை குமிழிலேயே இருந்தது. அதை எடுக்கவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் நின்றார். "இதுக்கு என்கிட்ட சாமான் இல்லையே" என்றார். குரல் உடைந்துவிட்டது.

"சாமான் யாரு கேட்டா? வந்து உக்காருங்க."

அவர் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அக்கா தன் சால்வையில் பாதியை அவர்மேல் போர்த்தினாள்.

"இன்னைக்குப் போவோம்" என்றாள் கடைசியில். "இன்னைக்கு மட்டும்தான் சொல்றேன். சனிக்கிழமைக்கு என்னைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

அவர் தலையாட்டினார். ஓட்டுகிற நிலையில் அவர் இல்லை. நான் சுற்றிப்போய் டிரைவர் பக்கம் ஏறி வண்டியை எடுத்தேன்.