மாப்பிள்ளை கொண்டுவந்த வெள்ளை வைன்

இன்று அக்காவைப் பார்க்க மாப்பிள்ளை வந்தார். டவுன்டவுனில் ஓர் உணவகத்தில் சமையற்காரர்.

வர முதல் என்னிடம்தான் போனில் கேட்டார். "தம்பி, வெறுங்கையோட வரேலாது. மாமாவுக்கு என்ன பிடிக்கும்?"

"வைன் எண்டா உயிர், அண்ணை," என்றேன்.

போன வருடம் அக்காவைப் பார்க்க வந்தவரை அப்பா வாசலோடு திருப்பி அனுப்பியதே பியர் மணத்துக்காகத்தான்.

மனுசன் போத்தலை அப்பாவின் கையிலேயே கொடுத்தார். "போத்துக்கல் வெள்ளை வைன், மாமா. லேசானது, நாக்கில கொஞ்சம் நுரைக்கும். இறால், பொரிச்ச மீன், தேசிக்காய் பிழிஞ்ச நண்டு, எல்லாத்துக்கும் நல்ல பொருத்தம்."

தேத்தண்ணித் தட்டோடு வந்த அக்கா பாதி வழியில் நின்றுவிட்டாள்.

"இதை ஆர் கொண்டுவரச் சொன்னது?" என்றார் அப்பா.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் மேசையிலிருந்த மீன் கட்லட்டைப் பார்த்தேன்.

"நானாத்தான் வாங்கினனான், மாமா."

ஐந்து நிமிடத்தில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அக்கா அறைக்குள் அழுகிறாள். காட்டிக்கொடுக்காத மாப்பிள்ளை இனிக் கிடைப்பது கஷ்டம்தான்.

போத்தல் வாசலில் எங்கள் சப்பாத்துகளுக்கு நடுவே நிற்கிறது. மீன் கட்லட்டும் ஒரு தட்டு மிச்சம். பத்துப் பொருத்தமும் உள்ள இந்தச் சோடிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட யார் வருகிறீர்கள்?