ரோசம்மாவுக்கு எழுதாத வரி

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, தாதியாக இருந்த ரோசம்மா மிஸ்ஸி பொகவந்தலாவையில் காலமானார் என்று பங்குச் சாமியார் சொன்னார். அவரோடு வேலை செய்த தாதிமாரான நீங்கள் அவருடைய கனிவைப் பற்றிப் பேசுவீர்கள். எனக்கு அவரைப் பிடித்ததில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

இலங்கை சுதந்திரமடைந்த மறு வருடம், என் கணவர் ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சர்ஜன். ரோசம்மா அவருடைய ஆபரேஷன் தியேட்டர் தாதி. கேட்கும் முன்பே கருவியை நீட்டுவாராம். நான் உப்பு எடுக்க எழுந்தால், "ரோசம்மாவா இருந்தா கேக்காமலே வந்திருக்கும்" என்று என் கணவர் சிரிப்பார்.

அந்த மழைக்காலத்தில், தேயிலைக் கொழுந்து பறிக்கும் ராக்காயி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுக்குள் எலும்பு இரண்டு முறை நழுவியது. திறந்து, உலோகத் தகடு வைத்துத் திருகாணியால் இறுக்குவதே வழி. இல்லையென்றால் அந்தக் கை கொழுந்து கிள்ளாது; தோட்டத்தில் வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். மணிக்கட்டில் தகடு வைப்பது என் கணவருக்கும் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சம்மதப் பத்திரத்தை வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. "தியேட்டருக்குள் நகை கூடாது. தாலியும்தான்" என்றேன்.

"தாலியக் கழட்டவா? இந்தா நிக்கிறாரே மனுசன், உசுரோட இருக்கறது ஒங்களுக்குத் தெரியலீங்களா டாக்டரம்மா?" என்று துணிமூட்டையைத் தூக்கினாள்.

விதி விதிதான் என்று தாளை மடித்தேன். ரோசம்மா வந்தார். கருவிகளோடு அவித்தெடுத்த வெள்ளை நாடாவில் மஞ்சள் துண்டொன்றை முடிந்து, ராக்காயியின் கணவனிடம் நீட்டினார்.

"அண்ணே, மொதல்ல இத ஒங்க கையாலயே கட்டுங்க. அப்பறம் தாலிய அவுத்து நீங்களே வச்சிக்குங்க. நீ வாடி வாய்க்காரி, டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு!"

ராக்காயி அழுதுகொண்டே சிரித்தாள்.

"பயம் எதுலன்னு பாத்துட்டுத்தான் கத்தியத் தொடணும்" என்பது ரோசம்மாவின் பேச்சு. தகடு வைத்து முடித்த அன்று மாலை, சாப்பிடும்போது என் கணவர் அதையே எனக்குச் சொன்னார். நான் பாதிச் சோற்றோடு எழுந்து தட்டைக் கழுவினேன்.

அடுத்த மாதம் ரோசம்மாவுக்கு மாற்றல் வந்தது. எனக்கு அது நிம்மதி. அவர் போன சில மாதங்களில் ராக்காயி எங்கள் குவாட்டர்ஸுக்கு வந்தாள். மணிக்கட்டை மடக்கினாள், திருப்பினாள், காற்றில் கொழுந்து கிள்ளிக் காட்டினாள்.

"திரும்பப் பேர் பதிஞ்சிட்டாங்கம்மா. மிஸ்ஸிக்கிட்ட சொல்லிருங்க" என்றவள், என் தோளுக்குப் பின்னால் அவரைத் தேடினாள்.

"ரோசம்மாவுக்கு ஒரு வரி எழுதிடு" என்றார் என் கணவர்.

"எழுதிட்டேன்" என்று மறுநாள் சொன்னேன்.

எழுதவில்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் ரோசம்மாவின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரும், அடியில், "அந்தக் கை எப்படி இருக்கிறது?" நான் பனியைப் பற்றியும் பூசையைப் பற்றியும் பதில் எழுதினேன். என் கணவர் இறந்த பிறகும் அப்படித்தான். அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒன்றின் நல்ல முடிவை, ரோசம்மாவுக்குக் கொடுக்காமல், நான் மட்டும் வைத்துக்கொள்ள விரும்பினேன்.

அவருடைய கனிவு உங்களிடம் இருக்கும். என்னிடம் இருப்பது அவருக்குச் சேர வேண்டிய ஒரு வரி: கை நன்றாக இருக்கிறது, ரோசம்மா, ராக்காயி வேலைக்குப் போகிறாள்.