தோணிக்கு என்று வாங்கிய புன்னை எண்ணெய்

என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே காய்ந்த தோல். வறண்ட கச்சான் காற்று வீசினால் கை வெடித்து இரத்தம் கசியும். எங்கள் இறக்கக்கண்டி வளவில் நின்ற புன்னையின் கொட்டையை உடைத்து, பருப்பை இரண்டு மாதம் வெயிலில் போட்டு, இடித்துப் பிழிந்துதான் அம்மா அவளுக்கு எண்ணெய் பூசுவா. பச்சைப் பருப்பில் எண்ணெய் வராது. அம்மா செத்தபின் அது என் வேலையானது. வெள்ளைக்காரரின் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுப் போன அடுத்த வருடம், பருப்பை மழையில் நனையவிட்டுவிட்டேன். எல்லாம் பூஞ்சணம்.

அப்போதுதான் தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ஞாயிறு பூசை முடிய வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. முன்பு வந்த இரண்டு இடமும் கையைப் பார்த்துத்தான் திரும்பிப் போனது.

கடற்கரையில் தோணிப் பலகைகளின் இடுக்கை அடைத்து எண்ணெய் பூசுகிறவரிடம் போத்தலோடு போனேன்.

“புன்னை எண்ணெய் கொஞ்சம் வேணும் அண்ணை.”

“தோணிக்கோ பிள்ளை?”

பக்கத்தில் ஆண்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். தங்கச்சியின் கைக்கு என்றால் மாப்பிள்ளை வீடு வரைக்கும் கதை போய்விடும்.

“ஓம்.”

“உன்ர அப்பர் தோணியை வித்துப்போட்டாரே! நீ என்ன, கட்டிலையோ கடலில விடப்போறாய்?”

எல்லாரும் சிரித்தார்கள். “மாமான்ர தோணிக்கு” என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னேன். ஊற்றித் தந்தார். கறுப்பாக இருந்தது. பழைய எண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன்.

சனி பின்னேரம் இரண்டு கையிலும் பூசித் துணி சுற்றினேன். “எரியுது அக்கா” என்றாள். “வெடிப்புக்குள்ள போகுது, பொறு” என்றேன். காலையில் துணி ஒட்டியிருந்தது. அவிழ்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

தேத்தண்ணீர்த் தட்டை அவள் சீலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் தாய் அந்தக் கையைப் பிடித்து, மணந்து பார்த்தா.

“இது தோணிக்குக் குங்கிலியம் போட்டுக் காய்ச்சின எண்ணெயெல்லோ? எங்கட வீட்டிலயும் தோணி இருந்தது. என்ன பிள்ளை, ஓட்டையை அடைச்சோ கட்டிக்குடுக்கப் பாக்கிறியள்?”

தேத்தண்ணீர் ஆறிக் கிடந்தது. அதற்குப் பிறகு பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை.

அடுத்த வருடம் ஒரு துளி மழை படாமல் காயவைத்து, நல்ல பச்சை நிற எண்ணெய் எடுத்தேன். தங்கச்சி கையை நீட்டவில்லை.

“மாமான்ர தோணிக்குக் குடுங்கோ” என்றாள்.

ஒவ்வொரு வருடமும் எடுத்தேன். போத்தல்கள் குசினி அடுப்பருகே கிடந்து காறிப்போயின. கச்சான் தொடங்கினால் அவள் வெடித்த கையோடு சட்டி கழுவுவாள். நான் பார்த்துக்கொண்டு இருப்பேன்.