சாத்தமுது மட்டம்

ஸ்ரீரங்கத்தில் கோணலாக இருக்கும் பொருள்கள் எத்தனை என்று சர்க்கார் இதுவரை ஜாபிதா எடுத்ததில்லை. எடுப்பதாக இருந்தால் அந்த உத்தியோகத்துக்குக் கீழச்சித்திரை வீதி சௌரிராஜனைவிடத் தகுந்த மனிதர் கிடைத்திருக்கமாட்டார். சம்பளம் இல்லாமலேயே அவர் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பதுதான் ஊராருக்கு இருந்த கஷ்டம்.

கல்யாண வீட்டுக்குப் போவார். பெண்ணையும் பிள்ளையையும் பார்க்கமாட்டார். பந்தலைப் பார்ப்பார். "மூணாவது கால் அரை விரல் கிழக்கே சாய்ஞ்சிருக்கு" என்பார். சம்பந்தி வீட்டார் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டு முகம் சுருங்குவார்கள். ஒருமுறை, பரம தென்கலையான ஒரு பெரியவரை விடியற்காலையில் நிறுத்தி, "ஸ்வாமி, தேவரீர் நெத்தியிலே நடுக்கோடு வடக்கே போயிண்டிருக்கு" என்று பணிவோடு விண்ணப்பித்தார். அவர் திசையைத்தான் சொன்னார். பெரியவர் காதில் விழுந்தது வடகலை. விவகாரம் வக்கீல் வீட்டு வாசல் வரைக்கும் போய், வக்கீல் ஊரில் இல்லாததால் திரும்பி வந்தது.

ஊரில் அவர் குற்றம் சொல்லாமல் விட்டது ஒருவரை மட்டுமே. "பெரிய பெருமாள் சயனிச்சிண்டிருக்கார். படுத்தவர் மட்டமா இருக்கார். அதிலே ஒண்ணும் சொல்றதுக்கில்லே" என்பது சௌரிராஜன் வழங்கிய தீர்ப்பு. பெருமாள் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது தெரியவில்லை.

திருச்சியில் ஒரு சர்க்கார் இலாகாவின் கருவிக் கொட்டகையில் அவருக்கு வேலை. எந்த இலாகா என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் நமக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நிலம் அளக்கிற கருவிகளையும் ரசமட்டங்களையும் பழுது பார்ப்பது அவர் தொழில். ரசமட்டம் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே திராவகம், அதிலே ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் பொருள் மட்டம். ஓடினால் கோணல். கொத்தனார் முதல் இன்ஜினீயர் வரை எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை.

ஆனால் சௌரிராஜன் அகத்தில் மூன்று தலைமுறையாக யாரும் 'ரசம்' என்று சொன்னதில்லை. அங்கே அதற்குச் சாத்தமுது என்று பெயர். கல்யாணமான புதிதில் அடுத்த அகத்து மாமி, "உன் ஆத்துக்காரருக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டாள். வைஜயந்தி ஆசாரம் கெடாமல் பதில் சொன்னாள்: "சாத்தமுது மட்டம் ரிப்பேர் பண்றார்."

அன்று சாயங்காலத்துக்குள் அது வடக்கு வாசல் வரை போய்விட்டது. அதற்குப் பிறகு வெறும் சௌரிராஜன் என்று கேட்டால் தபால்காரருக்கே ஆளைத் தெரியாமல் போயிற்று.

இப்படிப்பட்ட மனிதர் பதினோரு வருஷமாக டெம்பரவரியாக இருந்தார். வருஷா வருஷம் அவரைப் பெர்மனென்ட் ஆக்கலாமா என்று ஒரு குறிப்பு எழுதுவார்கள். ஆக்கலாம்தான், ஆனாலும் யோசிக்கலாம் என்று இன்னொரு குறிப்பு எழுதுவார்கள். ஃபைல் நாலு விரல் கனத்துக்கு வளர்ந்திருந்தது. ஹெட் கிளார்க் சேஷு அந்த ஃபைல்மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று ஆபீஸில் பேச்சு. இது உவமை அன்று. சேஷு குள்ளம். நாற்காலியில் உட்கார்ந்தால் மேஜைக்கு எட்டாது. ஆபீஸில் இருந்த ஃபைல்களிலேயே இதுதான் உயரத்துக்கும் மெத்தைக்கும் பொருத்தமாக அமைந்தது.

முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாசம் சௌரிராஜனுக்குக் காலம் திரும்பியது. இலாகா பெரிய துரையான ஹார்ட்லி துரை துப்பாக்கி சுடுவதில் மோகம் கொண்டவர். பொன்மலைக்கு அப்பால் ஒரு மொட்டைத் திடலில் வருஷந்தோறும் துரைமார்களுக்குள் கோப்பைப் பந்தயம் நடக்கும். இருநூறு கஜத்தில் துரை கெட்டிக்காரர். அறுநூறு கஜத்தில் அவர் குண்டு வலப்பக்கமாகவும் கீழாகவும் போய் மண்ணில் விழும். துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தால் அப்படித்தான் ஆகும், கிட்டத்தில் தெரியாது, தூரத்தில் காட்டிக்கொடுக்கும் என்று சீமையிலிருந்து ஒரு சிநேகிதர் எழுதினார். கூடவே, துப்பாக்கியின் தூரதர்சினிமேல் பொருத்துவதற்கு ஒரு சின்ன ரசமட்டமும் பார்சலில் வந்தது. எப்படிப் பொருத்துவது என்ற காகிதம் மட்டும் வரவில்லை.

சௌரிராஜனுக்கு ஆள் போயிற்று.

"குமிளி வெச்சு கோப்பை வந்தா, நீ எது நீட்டினாலும் கையெழுத்து" என்று துரை சேஷுவிடம் சொல்லிவிட்டார். இருபது வருஷத்தில் துரைக்குத் தமிழ் அவ்வளவு வந்திருந்தது. சேஷு இதைச் சௌரிராஜனிடம் சொன்னார். சௌரிராஜன் வைஜயந்தியிடம் சொன்னார்.

பந்தயத்தன்று காலையில் அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்கும்போது வாசல் வரை வந்தாள்.

"ஏன்னா, ஒண்ணு சொல்றேன், கேப்பேளா? இன்னிக்கு ஒரு நாள் மட்டும், எது கோணலா இருந்தாலும் நேரா இருக்குன்னு சொல்லிட்டு வாங்கோ."

"கோணலா இருந்தா?"

"நேரா இருக்குன்னு சொல்லுங்கோ. பதினோரு வருஷம் ஆச்சு."

சௌரிராஜன் தூக்கை வாங்கிக்கொண்டார். போகிற வழியில் தூக்கின் மூடி மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார்.

திடலில் துரையின் துப்பாக்கிக்குக் காவலாகத் தைரியராஜ் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு வைக்கும் சேவகன். சேஷு, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். கையெழுத்துக்கும் ஆகும், கட்டாந்தரையில் உட்காரவும் ஆகும்.

ரசமட்டத்தை எங்கே வைப்பது என்று முதலில் சபை கூடியது. "கட்டையிலே பின்பக்கம் வெச்சா பார்வையா இருக்கும்" என்றார் சேஷு.

"பார்க்கிறது யாரு? பின்னாலே நிக்கிற நீரா, சுடற துரையா?" என்றார் சௌரிராஜன். "துரையோட வலது கண் தூரதர்சினிக் குழாய்க்குள்ளே இருக்கு. இடது கண் சும்மாத்தானே இருக்கு? அதுக்கு ஒரு உத்தியோகம் கொடுப்போம். தலையைத் தூக்காமே, அந்தக் கண்ணுக்குத் தெரியற இடத்திலே வெக்கணும்."

"டெம்பரவரியாவா, பெர்மனென்ட்டாவா?" என்றான் தைரியராஜ்.

சேஷு முறைத்தார்.

அடுத்தது பொருத்துகிற வேலை. சௌரிராஜன் துப்பாக்கியை மணல் மூட்டைகள்மேல் படுக்கவைத்து மட்டப்படுத்தினார். தைரியராஜ் ரசமட்டத்தை எடுத்துக் குழாயின் மேல்தட்டோடு ஒட்டவைத்துப் பார்த்து, "இதோ சரியா நிக்குதுங்க சாமி" என்றான்.

"குழாயைப் பாக்காதே. உள்ளே இருக்கிற கோட்டைப் பாரு. சுடறது குழாய் இல்லே, கோடு."

தூரதர்சினிக்குள்ளே மயிரிழைபோல் நிற்கும் ஒரு கோடு உண்டு. அது நெட்டுக்குத்தாக இருக்கிறதா என்று தெரியவேண்டுமானால் எதிரே நெட்டுக்குத்தான ஒன்று வேண்டும். ஐம்பது அடி தள்ளி ஒரு மூங்கிலை நட்டு, அதிலிருந்து வெள்ளை நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். ஆடிக் காற்று குண்டைத் தொட்டில்போல் ஆட்டியது. குண்டைத் தண்ணீருக்குள் இறக்கினால் ஆட்டம் நிற்கும். அந்தத் திடலில் இருந்த ஒரே பானை துரைமார்களுக்கு. அதன் பக்கத்தில் ஒரு டவாலிச் சேவகன் காவல் நின்றிருந்தான்.

சௌரிராஜன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். அடித்தட்டு நிறைய வைஜயந்தி வைத்த மிளகு சாத்தமுது. ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு குண்டை அதற்குள் மெதுவாக இறக்கினார்.

நூல் நின்றது.

"ரசமட்டம் ரசமட்டம்னு கேள்விப்பட்டிருக்கேன் சாமி. இன்னிக்குத்தான் கண்ணாலே பாக்கிறேன்" என்றான் தைரியராஜ்.

உள்கோடு நூலின்மேல் ஒட்டும்வரை சௌரிராஜன் குழாயைத் திருப்பினார். ஒட்டியதும் திருகுகளை முடுக்கினார். அப்புறம் ரசமட்டத்தைக் குழாயில் மாட்டி, குமிழி நடுவில் நிற்கும்படி வைத்து இறுக்கினார். வேலை முடிந்தது. பகவானே வந்து பார்த்தாலும் குற்றம் சொல்லமுடியாது. அன்று அவர் வெறும் தயிர்சாதம் சாப்பிட்டார்.

பிற்பகலில் துரை வந்தார். அவருடைய வயிறு அவருக்கு ஒரு கணம் முன்னால் வந்தது. சுடுவதற்காகக் குப்புறப் படுத்தார். இங்கேதான் விபரீதம். துரையின் வயிறு அடி உருண்டையான குடம். தரையில் வைத்தவுடன் அது வலப்பக்கமாகச் சாய்ந்தது. துரையும் சாய்ந்தார். துப்பாக்கியும் சாய்ந்தது. குமிழி சட்டென்று இடப்பக்கம் ஓடி ஓரத்தில் ஒண்டிக்கொண்டது.

"குமிளி கோணலு!" என்றார் துரை. "நான் நேரு. நகத்து!"

சேஷு, சௌரிராஜன் காதருகே குனிந்தார். "ஓய், ஒரு நெல்லளவு நகர்த்துமேன். என்ன முழுகிப்போறது?"

"குமிழி சரியாத்தான் இருக்கு. துரைதான் சாய்ஞ்சிருக்கார்."

"மெதுவாப் பேசும்! துரைக்குத் தமிழ் தெரியும்."

"என்ன சொல்றான்?" என்றார் துரை.

சேஷுவுக்கு வியர்த்தது. "துரை படுத்திருக்கிறது எங்க பெருமாள் பள்ளிகொண்ட மாதிரி இருக்குங்கறான்."

"வெரி குட். குமிளி நகத்து."

சௌரிராஜன் திருப்புளியை எடுத்தார். வைஜயந்தி வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினார். குமிழி நடுவை நோக்கி நகர்ந்தது. சாய்ந்திருக்கும் துரையைப் பார்த்து, 'தாங்கள் நேர்' என்று சொல்லத் தயாராகிவிட்டது. தன் கையால் பழுது பார்த்த ஒரு குமிழி தன் கண் முன்னே பொய் சொல்லப்போகிறது என்பதைச் சௌரிராஜனால் தாங்க முடியவில்லை. திருகைப் பழைய இடத்துக்கே முடுக்கிவிட்டு எழுந்தார்.

"ஒரு ஆப்பு வேணும்" என்றார்.

"எதுக்கு?"

"துரைக்கு."

தைரியராஜ் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். சேஷுவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஓய், நாலு பேர் காதிலே விழுந்தா ஜெயில் ஓய்!"

"கதவு சாய்ஞ்சா, கதவுக்கு அடியிலே ஆப்பு வெக்கறோம். தாழ்ப்பாளையா கோணலாக்கறோம்? வலது இடுப்புக்கு அடியிலே வெச்சாப் போறும். நாலு விரல் கனம். கல்லு கூடாது, துரைக்கு உறுத்தும். கொஞ்சம் மெத்துனு வேணும்."

திடலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சேஷு உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.

"ஐயோ, இது உம்ம ஃபைல் ஓய்!"

"பதினோரு வருஷம் உமக்குத் தாங்கித்து. பத்து நிமிஷம் துரைக்குத் தாங்கட்டும்."

"துரை தோத்துட்டா?"

"தோத்துட்டா குமிழி பொய்னு ஆயிடும். அப்புறம் நான் பெர்மனென்ட் ஆகி என்ன பண்றது?"

துரையிடம், 'இன்னும் சுகமாகப் பள்ளிகொள்வதற்கு ஒரு திண்டு' என்று சேஷு மொழிபெயர்த்தார். துரை இடுப்பைத் தூக்கினார். சௌரிராஜனின் ஃபைல் உள்ளே போயிற்று. துரை இறங்கினார். பதினோரு வருஷத்துக் குறிப்புகள் ஒருமுறை முனகின. குமிழி இடப்பக்கத்திலிருந்து நகர்ந்து, தயங்கி, நட்டநடுவில் வந்து நின்றது.

பத்துக் குண்டு. ஒன்றைத் தவிர ஒவ்வொன்றுக்கும், நட்டநடுவில் பட்டது என்று காட்டும் வெள்ளைத் தட்டு எதிர்க்கோடியிலிருந்து எழும்பியது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கோப்பை துரைக்கு வந்தது.

துரை எழுந்து, தமக்கு அடியில் இருந்ததை எடுத்துப் பார்த்தார். அது இப்போது மூன்று விரல் கனம்தான் இருந்தது.

"என்ன இது?"

"துரை கையெழுத்துக்குக் காத்திண்டிருக்கிற காகிதம்" என்றார் சேஷு. ஆபீஸ் சரித்திரத்தில் அவர் அலங்காரம் இல்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது.

மேஜை இல்லாததால் தைரியராஜ் குனிந்தான். அவன் முதுகில் காகிதத்தை வைத்து, துரை சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். கையெழுத்துப் போடும்போது தைரியராஜ் பாதி நிமிர்ந்துவிட்டான்.

சாயங்காலம் வைஜயந்தி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாயைத் திறந்தேளா?"

"திறந்தேன்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். சௌரிராஜன் உத்தரவை நீட்டினார். அவள் மூன்று தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அவர் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துக் காகிதத்தின் அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து மேலே ஏறிண்டு போறது. திங்கக்கிழமை துரையைப் பார்த்து, இன்னொரு தடவை—"

"போனேள்னா, நான் திருவெள்ளறைக்கு எங்காத்துக்குப் போயிடுவேன்."

சௌரிராஜன் போகவில்லை. உத்தரவுக்குக் கண்ணாடி போட்டு, சட்டம் அடித்துக் கூடத்தில் மாட்டினார். கடைசி வரைக்கும் அது அங்கேதான் இருந்தது. அந்த அகத்தில் கதவு நேர், ஜன்னல் நேர், பெருமாள் படம் நேர். இது ஒன்று மட்டும் இடது மூலை தூக்கி, வலது மூலை இறங்கி, பட்டவர்த்தனமாகக் கோணலாகத் தொங்கும். வருகிறவர்கள் எல்லோரும், பழைய பாக்கியைத் தீர்த்துக்கொள்கிற சந்தோஷத்தோடு கேட்பார்கள்:

"என்ன சௌரி, உம்ம ஆத்திலேயே ஒரு சட்டம் சாய்ஞ்சிருக்கே?"

சௌரிராஜன் ரசமட்டத்தைக் கொண்டுவந்து துரையின் கையெழுத்துக்கு நேர் கீழே பிடிப்பார். குமிழி நடுவில் நிற்கும்.

"சட்டத்தைப் பாக்காதீர் ஓய். கோட்டைப் பாரும்."