பையோடு நட்ட கன்றுகள்

போன வாரம் இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரம்புட்டான் கன்று வாங்கினேன். மாவனல்லையிலிருந்து லொறியில் கன்றுகளை ஏற்றிவந்து விற்கிற முஸ்லிம் நானா ஒருவர், ஒட்டுக்கன்று என்று சத்தியம் செய்தார். ஒட்டுப் போட்ட இடத்தை நான் விரலால் தடவினேன், நகத்தால் கீறினேன், சுற்றியிருந்த நாடாவை இழுத்தும் பார்த்தேன். "கல்லா வாங்குறீங்க, இப்படிப் பாக்க?" என்று நானா சிரித்தார். மாணிக்கக்கல் வியாபாரம் நடக்கிற ஊர் இது. இங்கே தேங்காயைக்கூட வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஆனால் பழியை ஊர்மேல் போடுவது நியாயமில்லை. சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம்.

கிளம்பும்போது, "பையக் கிழிச்சிட்டு நடுங்க, மறந்துராதீங்க" என்றார். பஸ்ஸில் கன்றை மடியில் வைத்துக்கொண்டேன். ஜன்னல் வெயிலில் கறுப்புப் பொலித்தீன் சூடாகி, ஈரமண்ணும் தென்னை நார்த் தும்பும் கலந்த வாசனை எழுந்தது. அவ்வளவுதான், பார்வதி அக்காவின் நினைவு வந்துவிட்டது. இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு வேலை புதிது. கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஓடைக்கரைகளில் மறுபடி காடு வளர்க்கும் திட்டத்தில் நான் கள உத்தியோகத்தன். திட்டத்தின் முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. சனங்கள் சுருக்கமாக 'மரம் வைக்கிற கந்தோர்', அதாவது அலுவலகம், என்றார்கள், என்னை 'மரத் தம்பி' என்றார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காத மாதிரி நடித்துக்கொள்வேன்.

விஷயம் இதுதான். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஓர் ஊற்று. அதன் தண்ணீர் பீலிக் குழாய் வழியாக விழும், லயத்துக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் ஓடையாக இறங்கி சிங்களக் கிராமத்தின் வயலுக்கும் கிணறுகளுக்கும் போகும். தோட்டத்தில் கிராமத்தாரை 'நாட்டு ஆளுங்க' என்பார்கள். ஓடைக்கரையில் மரமே மிஞ்சவில்லை. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் பீலியில் நூல் மாதிரித் தண்ணீர். கரையின் மேல்பாதியில் லயத்துக்காரர்களும் கீழ்ப்பாதியில் கிராமத்தாரும் கும்புக் கன்று, அதாவது நம் மருதமரம், நட வேண்டும் என்று தீர்மானம்.

தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில்தான் முதல் கூட்டம். லயத்துக்காரர்கள் ஒரு சுவரோரம், கிராமத்தார் எதிர்ச்சுவரோரம். தாங்கள் கரையில் போட்டிருக்கும் காய்கறித் துண்டு நிலங்களைப் பிடுங்கத்தான் மரம் என்ற பெயரில் வருகிறார்கள் என்று லயம் நினைத்தது. இன்றைக்கு மரம் நட விட்டால் நாளைக்குக் காணியே தங்களுடையது என்பார்கள் என்று கிராமம் நினைத்தது. இரண்டு பக்கமும் என்னை உளவாளி என்று நினைத்தது. நானும் சும்மா இருக்கவில்லை. அவர்களையும் சந்தேகப்பட்டேன், என் கந்தோரையும் சந்தேகப்பட்டேன். அந்த அறையில் எவரையும் சந்தேகப்படாதது தொட்டிலில் தூங்கிய ஒரு குழந்தை மட்டும்தான்.

அங்கேதான் பார்வதி அக்கா எழுந்தார். பால்வெட்டு வேலை, நாற்பது வயதிருக்கும், கையில் காய்ந்த ரப்பர் பாலின் பிசுக்கு. கரையில் நல்ல இடத்தில் இருந்த அவரைத் துண்டு அவருடையது.

"நாங்க அவரை போடுவோம், மொளகா போடுவோம், மரவள்ளி போடுவோம். மரம் வைக்க மாட்டோம் தம்பி. எங்கப்பா லயத்துக் கோடியில ஒரு பலா வச்சாரு. மொதக் காய்ப்புக்கு முன்னாடி தொர ஆளுங்க 'இது ஒன் காணியா'ன்னு கேட்டு வெட்டிப் போட்டாங்க. அதுலருந்து இங்க யாரும் மரம் வைக்கிறதில்ல."

எழுதாத சட்டம் அது. பயிர் போனால் போகட்டும், மரம் நட்டால் மனசு போய்விடும். நான் என் அறிக்கையில் 'பங்கேற்பாளர் ஒருவர் மரநடுகையில் தமது குடும்ப அனுபவத்தைப் பகிர்ந்தார்' என்று எழுதினேன். அந்த வரியை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

எப்படியோ சம்மதித்தார்கள். பீலி வற்றினால் ஆற்றங்கரைவரை குடத்தோடு நடக்க வேண்டும் என்ற பயம்தான் காரணம், என் பேச்சு அல்ல. அக்கா பூத்திருந்த அவரைக்கொடியைத் தானே இழுத்துப் போட்டார். எல்லோரும் கூடி நடுகிற சிரமதான நாளன்று கிராமத்திலிருந்து குசுமா அக்கே பாற்சோறு கொண்டுவந்தார். அவர் வயற்காரப் பெண், கிராமத்துச் சங்கத்தின் தலைவி, தோட்டத்துத் தமிழும் பேசுவார். லயத்திலிருந்து பிளேன்டீ வந்தது. டீயை லயம் குடித்த பிறகுதான் கிராமம் குடித்தது, பாற்சோற்றைக் கிராமம் தின்ற பிறகுதான் லயம் தின்றது. "குழிய நாங்க பாத்துக்கிறோம், நீங்க போட்டோ எடுங்க தம்பி" என்று அக்கா என்னைக் கரையை விட்டே அனுப்பிவிட்டார். மரியாதை என்று நினைத்து மகிழ்ந்துபோனேன்.

ஆறேழு மாதம் போனது. கிராமத்துக் கன்றுகள் நெஞ்சளவுக்கு வந்துவிட்டன. லயத்துக் கன்றுகள் நட்ட உயரத்திலேயே நின்று மஞ்சளாயின. குசுமா அக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தம்பி என்பதற்குச் சிங்களத்தில் 'மல்லி' என்பார்.

"மல்லி, அவங்க புல்லுக்கு அடிக்கிற மருந்து ஊத்துறாங்க. மரம் செத்தா மறுபடி அவரை போடலாம், இல்லியா?"

நான் உடனே நம்பினேன். சந்தேகக்காரனுக்கு நல்லதை நம்பத்தான் நாளாகும். மறுநாள் விடிந்ததும், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குச் சனம் கூடுமுன்னே, ஒரு ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். அட்டைகள் முழங்கால்வரை ஏறிக் காலைப் பலகாரம் முடித்துவிட்டன. பார்வதி அக்கா வாளியோடு வந்தார். ஒவ்வொரு கன்றுக்கும் குனிந்து கொஞ்சம் கொஞ்சமாக எதையோ ஊற்றினார். அகப்பட்டீர்கள் என்று வெளியே பாய்ந்தேன்.

"என்னா தம்பி, மரத்துக்குப் பின்னால? வயிறு சரியில்லையா?"

வாளிக்குள் விரலை விட்டு முகர்ந்து பார்த்தேன். அரிசி கழுவிய தண்ணீர். வெட்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்துக் கன்றைப் பிடித்தேன். அது அப்படியே கையோடு வந்துவிட்டது, கறுப்புப் பையோடு. அடுத்ததும் பையோடு. கரை முழுக்கவே ஒரு பையும் கிழிக்கப்படவில்லை. வேர்கள் உள்ளே சுருண்டு சுருண்டு போக வழியில்லாமல் கிடந்தன.

"பையோடவா வச்சீங்க?"

"கெளம்பச் சொன்னா தூக்கிட்டுப் போகணும்ல" என்றார் அக்கா. "விட்டுட்டுப் போக நம்மளால முடியாது தம்பி."

நாங்கள் விஷம் என்று நினைத்தது, போகிற இடத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போக நினைத்த பாசம். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழாமல், உத்தியோகத்தன் மூளை செய்கிற வேலையைச் செய்தேன். ஒரு தாளை எடுத்து, 'இக்கரையில் நடப்பட்ட மரங்கள் இந்த லயத்து மக்களுக்கே உரியவை, எவரும் அவற்றை அகற்ற முடியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அப்படி எழுத எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. என் நாற்காலியே எனக்கு உரியதில்லை. அக்கா அந்தத் தாளை மேலும் கீழும் பார்த்தார், மடித்து இடுப்பில் செருகினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பைகளைக் கிழித்தார்கள். என்ன நடக்கிறது என்று வேவு பார்க்கக் குசுமா அக்கே மேலே ஏறி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கிழிந்த பை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "எங்க காணிக்கும் உறுதிப் பத்திரம் இல்ல, பார்வதி. பெர்மிட் மட்டும்தான்" என்றார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, அவரும் ஒரு கத்தியை வாங்கிக் கிழிக்கத் தொடங்கினார். இரண்டு பெண்களும் அருகருகே இருந்து சுருண்ட வேர்களை விரலால் பிரித்து விட்டார்கள். என் ஒரு தாள் செய்த சாதனையைப் பார் என்று நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். அந்தப் பெருமையோடுதான் பிற்பாடு வேறு வேலைக்குப் போனேன்.

கும்புக்குகள் வளர்ந்தன. சில வருடம் கழித்து ஒரு வைகாசி மழையில் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. ஓடைக்கரை அசையவில்லை, வயலும் தப்பியது. லயம்தான் ஆபத்து என்று சிவப்புத் தாள் ஒட்டிவிட்டு, சனங்களைத் தொலைவில் இன்னொரு டிவிஷனுக்கு மாற்றினார்கள். இதெல்லாம் எனக்குக் கேள்வியில்தான் தெரியும். போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம் என்பதுதான் சரி.

ரம்புட்டான் கன்றின் பை வாசனை துரத்த, இந்த ஞாயிறு போனேன். முதலில் பழைய இடம். லயம் இருந்த இடத்தில் மானா புல், பிள்ளைக்காம்பராவின் சீமெந்துத் தரை மட்டும் பாக்கி. பீலியில் தண்ணீர் நன்றாக விழுகிறது, குடம் வைக்க ஆளில்லை. கும்புக் நிழலில் உச்சிவெயில்கூடத் தெரியவில்லை. "பார்வதி ஒரு தரம்கூட வரல்ல மல்லி" என்றார், என்னைக் கண்டு மேலே ஏறி வந்த குசுமா அக்கே. "நான்தான் கொடியெல்லாம் வெட்டிப் பாத்துக்கிறேன்."

புது வீட்டில் பார்வதி அக்கா என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். டீ வந்தது. வீட்டுக்கு உறுதி இன்னும் வரவில்லையாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தத் தாளைப் பற்றி மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"அது செல்லாதுன்னு அன்னிக்கே தெரியும் தம்பி" என்று சிரித்தார். "சீலு இல்லாத காயிதத்த யாரு மதிப்பாங்க?"

"அப்புறம் ஏன் அக்கா கிழிச்சீங்க?"

"மஞ்சளாப் போச்சுல்ல. நம்ம கூட வரணும்னு வச்சிருந்தா செத்துரும்னு தெரிஞ்சிச்சு. அதான், அது பொழைக்கட்டும்னு விட்டுட்டேன்."

இத்தனை வருடம் என் தாளுக்கு என்று நினைத்திருந்த பெருமையை டீயோடு விழுங்கினேன். வாசலில் வரிசையாகப் பெயின்ட் வாளிகள். ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் எலுமிச்சை, பெரிய வாளி ஒன்றில் இடுப்புயரப் பலாக்கன்று. வாளியைச் சுற்றி நல்ல சிவந்த மண், முற்றம் நிறையக் காலியிடம்.

"இத மண்ணுல வைக்கலியா?" என்று கேட்டேன்.

அக்கா பலாவின் ஓர் இலையிலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.

"இன்னொரு தடவ என்னால முடியாது தம்பி."