கத்தி தீட்டும் கை

சவரக் கத்தியைத் தோல் வாரில் தீட்டும்போது என் வீட்டுக்காரர் படகைக் கரையேற்றுவதுபோல் அழுத்துவார். அழுத்தினால் கூர் மடங்கிப்போகும். நான் ஏரிச் சேற்றைத் தடவிக் கையால் இறால் பிடிக்கிறவள். கை கனத்தால் இறால் துள்ளிப் போய்விடும். கத்திக்கும் அப்படித்தான். அதன் எடையே போதும், நம் பலத்தைச் சேர்க்கக் கூடாது.

அதனால் அவர் தீட்டி வைத்துவிட்டு சோப்பு எடுக்கப் போகும் நேரத்தில், வருஷக்கணக்காக நான்தான் லேசாக நாலு இழுப்பு இழுத்து வைப்பேன். அவருக்குத் தெரியாது.

பேத்தியின் நிச்சயதார்த்தத்தன்று காலையில், வாசல் பந்தலில் டீ குடித்துக்கொண்டிருந்த என் கொழுந்தன்மாரிடம், "கத்தி தீட்ட பலம் வேணும்பா. பொம்பள கைக்கு வராது" என்றார்.

அன்று நான் கத்தியைத் தொடவில்லை.

ஒரு கன்னம் முடிவதற்குள் மூன்று இடத்தில் ரத்தம். மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறிவிட்டதாகப் போன் வேறு வந்துவிட்டது.

"இன்னாமே, வாரு கெட்டுப்போச்சா?"

"வாரு நல்லாத்தான் கீது. நீ இன்னும் கொஞ்சம் அழுத்துயா, பலம் பத்தல."

என்னையே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கத்தியை நீட்டி, "நீயே தீட்டிக் குடுமே" என்று முணுமுணுத்தார்.

"இன்னா? காதுல வுழல."

இரண்டாம் தரம் அவர் கேட்டது பந்தல் வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் கத்தியை வாங்கினேன்.